புதுப்பிப்பு: மகளின் பராமரிப்புத் தொகை நிலுவை

ஐந்தாண்டுகளாக முன்னாள் கணவர் மகளுக்குப் பராமரிப்புத் தொகை செலுத்தவில்லை என்று பினாங்கிலிருந்து எழுதியிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. அவருடைய சம்பளத்திலிருந்தே முதலாளி பிடித்தம் செய்து கட்டும்படி நீதிமன்ற ஆணை கேட்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் பலித்தது. மணவிலக்கு ஆணையின் நகலையும் வங்கிக் கணக்கறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி இலாகாவை நாடினேன். அவர் வேலை செய்யும் இடம் உறுதியாகத் தெரிந்திருந்ததே பெரிய துணையாயிற்று.

எதிர்பாராத ஒன்று உண்டு. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 86ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு சேர்ந்த நிலுவையைக் கோர இயலாது. நான் தயங்கிய காலத்தில் மகளுக்குரிய இரண்டாண்டுப் பணம் போய்விட்டது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. மூன்றாண்டு நிலுவை இப்போது மாதத் தொகையுடன் சேர்ந்து தவணையாக வருகிறது.