காலனிக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

செந்தூல், திங்கள் இரவு

மடற்குழுவில் எல்லாருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை கோலாலம்பூரில் எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் பட்டறை. பாக்டீரியாவை ஆய்வகத்தில் எப்படி வளர்க்கிறார்கள், எதற்கு வளர்க்கிறார்கள் என்று கேள்வி பதிலாக எட்டுப் பக்கக் கையேடு எழுதுகிறேன். வெள்ளி மாலைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். வளர்ப்பு, ஊடகம் (பாக்டீரியாவுக்குப் போடும் உணவு), அதை உறைய வைக்கும் அகர், பெட்ரித் தட்டு, கம்பி வளையம் எல்லாம் சரி. ஒன்றில் மாட்டிக்கொண்டேன். பாக்டீரியா பெருகி, கண்ணுக்குத் தெரிகிற சின்ன மேடாகத் தட்டில் நிற்குமே, அந்தக் காலனிக்கு என்ன சொல்வது? போன ஆண்டு காலனி என்றே எழுதினோம். தட்டச்சு செய்தவர் காலணி ஆக்கிவிட்டார். "தட்டில் உள்ள காலணிகளை எண்ணுக." ஒரு பையன் எழுந்து, "டீச்சர், செருப்பை வெளியிலதானே விட்டோம்" என்றான்.

ஆயர் ஈத்தாம், செவ்வாய் காலை

அன்புள்ள ஆசிரியைக்கு. குடியேற்றம் என்று யாராவது சொல்லும் முன் தடுத்துவிடுகிறேன். நம் பாட்டன்மாரைத் தோட்டத்து லயத்தில் கொண்டுவந்து அடைத்த கதையின் சொல் அது. கிருமிக்கு வேண்டாம். "கிளை" இருக்கிறதே! கிளைத்தல் என்றால் பெருகுதல். கிளை என்றால் சுற்றம். ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகும் உயிருக்கு வேறென்ன வேண்டும்? "கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்" என்கிறது குறள். நீங்களும் அளக்கத்தானே போகிறீர்கள்.

இன்னொன்று. அகர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நம் அகில்தான். லகரம் ரகரமாகத் திரிந்தது. அகில் என்றே எழுதலாம்.

பிரிக்பீல்ட்ஸ், செவ்வாய் மதியம்

கிளை என்றால் பிள்ளைக்கு மரக்கிளை, அப்பாவுக்கு வங்கிக் கிளை. இந்தப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் கால் வைத்ததும் மலாயில் "கொலோனி" என்றுதான் கேட்கப் போகிறார்கள். இரண்டு வருடம் புழங்கப்போகும் சொல்லுக்கு இரண்டாயிரம் வருடத்து வேரா? காலனி என்றே இருக்கட்டும். எழுத்துப்பிழைக்குப் பயந்து சொல்லை மாற்றுவது எந்த ஊர் நியாயம்? மெய்ப்புப் பார்க்க ஓர் ஆளைப் போடுங்கள்.

ஆயர் ஈத்தாம், செவ்வாய் மாலை

இரவல் வாங்குவதற்கு எல்லாக் காலத்திலும் ஒரு காரணம் கிடைக்கும். சரி, கிளை கடினமென்றால் "மொய்". முதனிலைத் தொழிற்பெயர். ஈ மொய்ப்பதைப் பார்க்காத பிள்ளை உண்டா?

பிரிக்பீல்ட்ஸ், செவ்வாய் மாலை

மொய் என்றால் கல்யாண மண்டப வாசலில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் மாமாதான் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

சிராஸ், செவ்வாய் இரவு

ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அகில் வாசனைக் கட்டை, மலாயில் காஹாரு. அகர் வேறு, நோன்பு மாதத்தில் பசாரில் பச்சையும் சிவப்புமாக வெட்டி விற்கிறார்களே, அந்த அகர்-அகர்தான், கடற்பாசியில் எடுப்பது. 1880களின் தொடக்கத்தில் ஜெர்மன் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டினில்தான் வளர்த்துப் பார்த்தார்கள். 37 டிகிரியில் அது இளகிவிடும்; சில பாக்டீரியா அதையே தின்று தண்ணீராக்கிவிடும். அங்கே வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, ஜாவாவில் வாழ்ந்திருந்த அண்டை வீட்டாரிடம் அகர் பற்றித் தெரிந்துகொண்டு, இனிப்புப் பண்டங்களுக்குப் போட்டு வந்தவர். அதைப் போட்டுப் பாருங்கள் என்றார். ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி தாண்டாமல் உருகாது. நம் பக்கத்துச் சமையல்கட்டுச் சொல் உலகத்து ஆய்வகமெல்லாம் போயிருக்கிறது. அதைப் பிடித்துத் தூய்மை செய்வானேன்?

இனி காலனி. மொய் பல இடத்திலிருந்து வந்து கூடுவதைச் சொல்கிறது. இங்கே யாரும் வந்து கூடவில்லை. விழுந்தது ஒன்று. ஈ.கோலி என்ற பாக்டீரியாவுக்கு நல்ல சாப்பாடும் 37 டிகிரிச் சூடும் இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஏழு மணி நேரத்தில் 21 முறை. கணக்குப் போட்டால் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். மறுநாள் காலையில் தட்டில் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். ஆய்வகத்தில் நானும் தமிழ் பேசும் இன்னொரு தோழியும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம்: "உன் தட்டில் எத்தனை பொட்டு?"

ஆயர் ஈத்தாம், புதன் காலை

தங்கையே என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டாள்! ஒன்றிலிருந்து பிறந்தவை என்றால் அது கிளைதானே. பொட்டு என்பது மேல்தோற்றம். கிளை என்பது பிறப்பு. கலைச்சொல் பிறப்பைச் சொல்ல வேண்டும்.

சிராஸ், புதன் இரவு

அவசரத்தில் பாதிதான் சொன்னேன் ஐயா. எப்போதும் ஒன்றிலிருந்து அல்ல. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சங்கிலியாக இருக்கும், ஸ்டாஃபிலோகாக்கஸ் கொத்தாக இருக்கும். அந்தக் கொத்து அப்படியே ஓரிடத்தில் விழுந்தால் ஒரே பொட்டாகத்தான் எழும். அது ஒன்றிலிருந்து வந்ததா பத்திலிருந்து வந்ததா என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எண்ணி முடித்தபின் "இத்தனை பாக்டீரியா" என்று எழுதாமல் "இத்தனை காலனி உண்டாக்கும் அலகு" என்று எழுதுகிறோம். பிறப்பை வைத்துப் பெயரிட்டால், தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னதாகிவிடும். பொட்டு கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறது.

செந்தூல், வியாழன் காலை

எனக்குப் பொட்டு பிடித்திருக்கிறது. "தட்டை ஏன் கவிழ்த்து வைக்கிறோம்?" என்ற கேள்விக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்: "மூடியில் கோக்கும் நீர்த்துளி மேலே விழுந்தால் பொட்டு அழிந்துவிடும்." படிக்கச் சுலபமாக இருக்கிறது.

ஆயர் ஈத்தாம், வியாழன் காலை

"பொட்டு அழிந்துவிடும்" என்று பிள்ளைகள் கையில் கொடுப்பதா? வீட்டில் பாட்டி வாங்கிப் படித்தால்?

சிராஸ், வியாழன் மதியம்

"கலைந்துவிடும்" என்று போடுங்கள் அக்கா. உண்மையில் நடப்பதும் அதுதான், ஒன்றோடொன்று கலந்து எண்ண முடியாமல் போகும்.

ஆயர் ஈத்தாம், வியாழன் மாலை

பொட்டு என்றே முடிவானால், என் மறுப்பைப் பதிவு செய்துகொண்டு, பன்மையையாவது சரியாக எழுதுங்கள். வன்றொடர்க் குற்றியலுகரம்; வலி மிகும்; "பொட்டுக்கள்".

பிரிக்பீல்ட்ஸ், வியாழன் மாலை

கள் விகுதிதானே, தனிச்சொல்லா? எதற்கு மிக வேண்டும்? "க்" போட்டால் தோட்டத்துக் கள்ளுக்கடையில் பொட்டு வைத்துக்கொண்டு நிற்பது போலிருக்கிறது. நான் இன்னும் காலனிதான்.

ஆயர் ஈத்தாம், வியாழன் இரவு

எழுத்துக்கள் என்று எழுதிய தலைமுறை எல்லாம் கள்ளுக்கடைக்குப் போனவர்களா?

(இதே பொருளில் மேலும் ஒன்பது மடல்கள்.)

செந்தூல், வெள்ளி மாலை

அச்சகம் ஆறு மணிக்கு மூடுகிறது, அதனால் முடித்துவிட்டேன். பொட்டு. முதல் பக்கத்தில் மட்டும் "ஆய்வகங்களில் இதைக் காலனி என்பார்கள்" என்று ஒரு வரி, ணகரமா னகரமா என்று மூன்று முறை பார்த்தாயிற்று. அகர் அகராகவே இருக்கிறது. கிளைக்கு இடம் கிடைக்கவில்லை, ஐயா மன்னிக்க வேண்டும்.

பன்மை எங்கேயும் வராமல் எழுதிவிட்டேன். "30 முதல் 300 பொட்டு வரை உள்ள தட்டையே எண்ணுவார்கள்." எண்ணையும் இலக்கத்தில் போட்டிருக்கிறேன், ஒற்று மிகுமா என்று யாரும் கேட்க முடியாது.

ஆயர் ஈத்தாம், வெள்ளி இரவு

வாய்விட்டுப் படிக்கும்போது "முந்நூறு பொட்டு" என்றுதானே வரும்? முந்நூறுக்கு எந்த ந என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா?