மறுமொழி: அடப்டருக்கும் கன்வேட்டருக்கும் ஒரே சொல் போதுமா?

அன்பின் நண்பர்களுக்கு,

கணினியையும் திரையையும் இணைக்கும் அடப்டர், கன்வேட்டர் என்ற இரண்டு சாமான்களுக்கும் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில். (போர்ட் என்பது வயரைக் கொழுவும் ஓட்டை.)

> இரண்டையும் 'துறைமாற்றி' என்றே சொல்லிவிடலாம். போர்ட் என்பதற்குத் 'துறை' ஏற்கெனவே பழகிவிட்டது.

'துறை' எனக்கும் பிடித்த சொல்தான். பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்துறை என்று துறைமுக ஊர்களின் பெயரைச் சொல்லி வளர்ந்தவனுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் 'துறைமாற்றி' என்றால், விஞ்ஞானம் படித்துவிட்டு வங்கி வேலைக்குப் போன என் மச்சான்தான் கண்ணுக்குள் வருகிறார். பகிடி கிடக்கட்டும். இரண்டு வேறு சாமான்களுக்கு ஒரே பெயர் வைத்தால் வாங்குகிறவனுக்குக் காசு போகும். எனக்குப் போனது.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயில் திருவிழா நேரம். 25 நாளும் கோயிலுக்கு நடக்க அம்மம்மாவின் முழங்கால் விடாது. நேரலையை ரீவியில் போட்டுக் காட்டலாம் என்று பழைய மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்தேன். அதில் இருந்தது வீஜீஏ என்னும், படத்தைத் திரைக்கு அனுப்பும் பழைய வகைத் துறை மட்டும்: மூன்று வரிசையில் 15 ஓட்டை, இரு பக்கமும் திருகு. ரீவியின் முதுகில் எச்டிஎம்ஐ என்னும் புதிய வகைத் துறை மட்டும். டவுனில் ஒரு கடையில் கேட்டபோது, ஒரு முனையில் 15 ஊசியும் மறுமுனையில் எச்டிஎம்ஐயும் உள்ள வயரைத் தந்தார்கள். "அடப்டர் வயர்தான் அண்ணை, கொழுவினால் சரி." கொழுவினேன். இரண்டு பக்கமும் அச்சொட்டாகப் பொருந்தின. திரையில் வந்தது 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும்.

வராதது நியாயம்தான். 1987 இல் ஐபிஎம் கொண்டுவந்த வீஜீஏ, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அனுப்புகிறது. 2002 இல் வந்த எச்டிஎம்ஐ அனுப்புவது இலக்கங்களை (அதாவது டிஜிட்டல், தமிழக நண்பர்களுக்கு எண்ணிமம்). வெறும் செம்புக் கம்பி ஒன்றை மற்றதாக்காது. நடுவில் ஒரு சில்லு (சிப்) இருந்து, அந்த ஏற்ற இறக்கத்தை அளந்து இலக்கமாக்க வேண்டும். ஆனால் டீவீஐ-டி என்னும் இலக்கமுறைத் துறையிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போவதென்றால் வெறும் வயரே போதும். இரண்டும் படத்தை அனுப்பும் முறை ஒன்று, வாய்தான் வேறு.

எங்கள் ஊரில் இதை விளங்கப்படுத்துவது லேசு. கனடாவிலிருந்து வந்த மாமி ஒரு ரைஸ் குக்கர் கொண்டுவருகிறார். அதன் பிளக்கின் ஊசிகள் தட்டை, எங்கள் சுவரில் நுழையாது. ஒரு பிளக் மாற்றி வாங்கிச் செருகினால் நுழையும். நுழைந்ததும் புகை வரும், ஏனென்றால் அது 120 வோல்ட் குக்கர், எங்களது 230. அதற்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரான்ஸ்போமர் வேண்டும். வடிவத்தை மாற்றுவது வேறு, உள்ளே ஓடுவதை மாற்றுவது வேறு.

ஆகவே என் முன்மொழிவு: வடிவத்தை மட்டும் மாற்றும் அடப்டர் முகமாற்றி, உள்ளே ஓடும் சமிக்ஞையை (சிக்னலை) மாற்றும் கன்வேட்டர் சமிக்ஞைமாற்றி. இன்டர்ஃபேஸை 'இடைமுகம்' என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதனால் 'முகம்' ஒட்டிக்கொள்ளும்.

> 'காட்சி இசைவாக்கி' எப்படி? சமிக்ஞை வடசொல், குறிகை நல்லது.

'இசைவாக்கி' கேட்க அழகு. கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், ஆர்மோனியம் எடுத்துத் தருவார். 'குறிகைமாற்றி'யை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து சந்தி விளக்கு வரை சமிக்ஞைதான். பழகிய சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட எனக்கு மனமில்லை. அங்கே குறிகை, இங்கே சமிக்ஞை என்று இரண்டையும் பதிந்தாலும் சரி.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'வீஜீஏ-எச்டிஎம்ஐ மாற்றி' என்று கோடு போட்டு எழுதாதீர்கள். சில்லு வைத்த இந்தச் சமிக்ஞைமாற்றிப் பெட்டிகள் ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயிலிருந்து வீஜீஏக்கு மாற்றுவதும் பார்வைக்கு அதே அளவு, அதே கறுப்பு. இரண்டாம் முறை கடைக்குப் போனபோது அதைத்தான் முதலில் கையில் எடுத்தேன். நமக்கு வேற்றுமை உருபு இருக்கிறது: 'வீஜீஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு' என்று நீட்டி எழுதினால் யாரும் ஏமாற மாட்டார்கள். பெட்டியைப் பார்த்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். எனக்கு வேண்டியதில் யூஎஸ்பி வால் ஒன்று தொங்கும். எச்டிஎம்ஐயில் 5 வோல்ட் கொடுப்பது படத்தை அனுப்பும் பக்கம். ரீவி வாங்கும் பக்கம், அது மின்சாரம் தராது. அதனால் சில்லுக்கான மின்சாரத்தை மடிக்கணினியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்க வேண்டும்.

சரியான பெட்டி வந்து படமும் வந்தது. அம்மம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படம் வருகுது, மேளம் எங்கை?" என்றார். வீஜீஏ ஒலியைக் கொண்டுபோகாது. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்ன ஓட்டைக்கும் மடிக்கணினியின் ஹெட்போன் ஓட்டைக்கும் ஒரு வயர் போட்ட பிறகுதான் ரீவியில் தவில் கேட்டது. ஆகவே 'காட்சி' என்ற முன்னொட்டையும் தவிர்ப்போம், இந்தப் பெட்டி ஒலியையும் சேர்த்தே அனுப்புகிறது.

எனக்கு விடை தெரியாத இடம் ஒன்று உண்டு. சில வயர்களில் சில்லை முனைக்குள்ளேயே வைத்து வார்த்துவிடுகிறார்கள். பார்த்தால் வெறும் வயர், வேலையோ சமிக்ஞைமாற்றியுடையது. அதையும் அந்தப் பெயருக்குள்ளேயே அடக்கலாமா, 'மாற்றிவடம்' என்று தனியாக வைக்கலாமா?