வங்காள இனிப்பு: உங்களுக்கு நடந்த ஒரு சம்பவம் சொல்லுங்க

லேக் மார்க்கெட்வாசி:
பூஜை, பந்தல் எல்லாம் உங்களுக்கே தெரியும், நேரா தசமிக்கு வரேன். துர்க்கையை ஆத்துல கரைக்க அனுப்பறதுக்கு முன்னாடி சுமங்கலிகள் வரிசையா ஸ்டூல்ல ஏறி, வெத்தலையால அம்மன் முகத்தைத் துடைச்சு, குங்குமம் வச்சு, பாலைத் திரிச்சுச் செய்யற சந்தேஷ் இனிப்பைப் பிட்டு வாயில வைப்பாங்க. எங்க மாடி வீட்டு மாஷிமா (சித்தி) ஏறினப்ப அம்மன் உதட்டுல முன்னாடி வந்தவங்க வச்ச சந்தேஷ் அப்பிக் கிடந்தது. மாஷிமா முந்தானையால அதை வழிச்சுட்டு, "என்ன இது, குழந்தைக்கு மூச்சு முட்டாதா"ன்னு எல்லாரையும் திட்டினாங்க. அப்புறம் புதுசா ஒரு துணுக்கு வச்சாங்க. இறங்கும்போது மகிஷாசுரனுக்கும் ஒண்ணு! அவனுக்கு எதுக்கு மாஷிமான்னு கேட்டேன். "அவனும் அதே வண்டியிலதானே போறான், பசிக்காதா?" அந்த பதில் இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. அதான் இந்த இழையே ஆரம்பிச்சேன்.

சந்தன்நகர் மாப்பிள்ளை:
எங்க கல்யாணம் நடந்த விதத்துல மாமனாருக்குக் கோபம். என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. முதல் ஜாமாய் ஷஷ்டி, மாப்பிள்ளைக்கு மாமியார் விருந்து வைக்கிற நாள். மாமியார் என் கையில மஞ்சள் கயிறு கட்டி, பனையோலை விசிறியால வீசி, தட்டை முன்னாடி வச்சாங்க. நடுவுல நுங்கு வடிவத்துல பெரிய சந்தேஷ். பசி வேற, நறுக்குன்னு கடிச்சேன். உள்ளேருந்து ரோஜாப் பன்னீர் பீச்சி சட்டை முழுக்க. அது ஜொல்பரா. மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணவே எங்க ஊர் சூர்ய மோதக் கடையில ஜமீன் வீட்டுக்காகச் செஞ்சதுன்னு ஊரே சொல்லும், எனக்கு மட்டும் யாரும் சொல்லல. தலையை நிமிர்த்திப் பாத்தா மாமனார் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிறார். சிரிச்சுட்டு, தன் துண்டை எடுத்து என்கிட்ட நீட்டினார். பேச்சு அதுக்கப்புறமும் ரொம்ப நாளைக்கு இல்ல, அது வேற கதை.

கட்டாக் பாலு:
இன்னும் யாரும் ரசகுல்லா பக்கம் போகவில்லை, ஆச்சரியம். போனால் உடனே கொல்கத்தா பாக்பஜாரில் நவீன் சந்திர தாஸ் 1868-இல் கண்டுபிடித்தார் என்று ஆரம்பிப்பீர்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். வங்காளத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சரி. 2019-இல் ஒடிசாவுக்கும் அதன் ரசகோலாவுக்குத் தனியாகக் கிடைத்ததே, அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? தேர் முடிந்து பூரி கோயிலுக்குத் திரும்பும் ஜகந்நாதர், தன்னை விட்டுவிட்டுப் போன கோபத்தில் கதவை அடைத்த லட்சுமியைச் சமாதானம் செய்வது இதை வைத்துத்தான்.

என் சம்பவம் சின்னது. ரயிலில் எதிர் இருக்கை கொல்கத்தாக்காரர், நான் எங்கள் ஒடிசாவின் பஹாலா ஊரில் வாங்கிவந்த ரசகோலாவைப் பார்த்து "பழுப்பாக இருக்கிறதே, கெட்டுவிட்டதா?" என்றார். அந்த நிறம்தான் அதன் லட்சணம் என்று விளக்கிக்கொண்டே இருந்தேன். அவர் பாதிச் சட்டியைக் காலி செய்துவிட்டு "ஆனாலும் இது ரசகுல்லா இல்லை" என்றார். இப்போது நினைத்தாலும் எரிகிறது.

சால்ட் லேக் நர்ஸ்:
பாலு சார், லட்சுமியையே சமாதானம் பண்ணியாச்சு, நீங்களும் ஆகிடுங்க. 2020 ஊரடங்குல மருந்துக்கடை, மளிகைக்கு அடுத்தபடியா மிட்டாய்க் கடையைத் திறந்த அரசு வேற எங்கயாவது உண்டா? மத்தியானம் 12-லேருந்து 4 வரைக்கும். இனிப்புக்காகப் பாலைத் திரிச்சு எடுக்கற சேனாவை வாங்க ஆள் இல்லாம பால்காரங்க பாலைக் கீழே கொட்டினாங்க, அதனாலன்னு சொன்னாங்க. நான் டியூட்டி முடிஞ்சு வரேன், சாலைத் தடுப்புல ஒரு தாத்தாவை போலீஸ் நிறுத்தியிருக்கு. எதுக்கு வெளியே வந்தீங்கன்னு கேட்டதுக்கு அவர் வாயே திறக்கல, கையில இருந்த அட்டைப் பெட்டியை உயர்த்திக் காட்டினார். போலீஸ்காரர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தக் கடை?" எங்கிட்ட மட்டும் அடையாள அட்டையை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தாங்க.

ஓய்வு ரயில்வே:
நர்ஸ் அம்மா சொன்னதில் அதிசயம் ஒன்றுமில்லை. 1965-இல் பால் தட்டுப்பாடு என்று மேற்கு வங்க முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் சேனா இனிப்புகளுக்குத் தடை போட்டார். 1967 தேர்தலில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் பெரிய காரணம்தான், இருந்தாலும் அங்கே பழையவர்கள் சந்தேஷைத்தான் முதலில் சொல்வார்கள்.

என் அனுபவம்: கோரமண்டல் ரயிலில் சென்னைக்குக் கொண்டுவந்த மிஷ்டி தோய், அதாவது இனிப்புத் தயிர், பெட்டி முழுக்க வழிந்தது. ஆகவே சில விஷயங்கள். தோய் சட்டியை எடுத்துவரவே வராதீர்கள். மண்சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால்தான் அந்த இறுக்கம், குலுங்கினால் போச்சு. சந்தேஷில் நொரம் பாக் என்ற வகை மிருது, வெயில் காலத்தில் வீடு வருவதற்குள் புளித்துவிடும். கொடா பாக் என்று கேட்டு வாங்குங்கள், அது கெட்டி, தாங்கும். ரசகுல்லா என்றால் டின். ஜெய்நகர் மோவா என்ற பொரி உருண்டையைக் குளிர்காலத்தில் மட்டும் வாங்கவும். கனக்சூர் நெல் பொரியும் நொலேன் குட் என்ற புது ஈச்ச வெல்லமும் சேர்ந்த மணம் மூடியைத் திறந்ததும் வர வேண்டும், மற்ற மாதங்களில் விற்பதை நம்பாதீர்கள். வெல்லக் கட்டி வாங்கினால் விரலால் அழுத்துங்கள். நல்ல பாட்டாலி (வெல்லக் கட்டி) பொலபொலவென உடையும். கல் மாதிரி இருந்து பளபளத்தால் சீனி கலந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரசகுல்லாவைப் பிழிந்து சாப்பிடலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்கவே வேண்டாம்.

சந்தன்நகர் மாப்பிள்ளை:
சார், பார்சல் பத்தி இங்க யாரும் கேக்கலையே :)

பாருய்பூர் டீச்சர்:
ரயில்வே சாரோட விரல் சோதனைக்கு ஒரு பதில் இருக்கு. நம்ம பொங்கலன்னைக்குத்தான் இங்க பௌஷ் சங்கராந்தி, வீட்டுக்கு வீடு பாட்டிசாப்டா, பிட்டேன்னு அரிசி மாவுப் பலகாரம். அதுக்கு வெல்லம் வாங்க விடியக்காலையில ஈச்ச மரம் சீவுறவர் வீட்டுக்கே போனேன். ராத்திரி கட்டின பானையை வெயில் ஏறறதுக்குள்ள இறக்கிடணும், இல்லைன்னா சாறு கள்ளாயிடும். அகலத் தகரத்துல சாறு கொதிக்குது, முற்றம் முழுக்க வாசனை. பக்கத்துலயே சாக்குல சீனி, ஒளிச்சுக்கூட வைக்கல. என்ன தாதா (அண்ணா) இதுன்னேன். கிளறுறதை நிறுத்தாம சொன்னார்: "இந்த வருஷம் குளிர் இல்ல, சாறு இறங்கல. சீனி இல்லாம வேணும்னா தரேன், மூணு மடங்கு விலை. போன வாரம் ஒரு பாபு வேணும்னு சொல்லிட்டு விலை கேட்டதும் இதையேதான் வாங்கிட்டுப் போனார். உனக்கு எது?"

நானும் சீனி போட்டதைத்தான் வாங்கினேன். விரலால அழுத்தினா பொலபொலன்னு நல்லாத்தான் உடைஞ்சுது, சார்.