மறு: கல்லீரல் செல்சவ்வைத் 'தனிமைப்படுத்தல்' சரியா?

நண்பர்களே,
ஆய்வகக் கையேட்டின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'தூய செல்சவ்வைத் தனிமைப்படுத்தல்' என்று எழுதினேன். 2020க்குப் பிறகு அது நோய்த்தொற்றையே நினைவூட்டுகிறது என்கிறார்கள் மாணவர்கள். செய்வது இதுதான்: கல்லீரலைக் கழுவி இரத்தம் நீக்கி, குளிரிலேயே அரைத்து, மையவிலக்கில் சுழற்றி, வண்டலைச் சுக்ரோஸ் கரைசல் அடுக்குகளில் விட்டு, அடர்த்தி வேறுபாட்டால் சவ்வை எடுக்கிறோம். 'ஃப்ராக்‌ஷன்' (இப்படிப் பிரித்ததில் கிடைக்கும் ஒரு பகுதி) என்பதற்கும் சொல் வேண்டும். 'பின்னம்' கணக்குக்குப் போய்விட்டது.

—

'தெள்ளுதல்' இருக்கிறதே! முறத்தை மேலும் கீழும் அசைத்து நொய்யைப் பிரிப்பது தெள்ளுதல். தெளிவு, தெள்ளமுது எல்லாம் 'தெள்' அடியில் பிறந்தவை. சுழற்றியபின் மேலே நிற்பது தெளிவு, அடியில் வண்டல், கையில் கிடைப்பது தெள்ளெடுப்பு. கொழித்தலைச் சொல்லவில்லை, அது பக்கவாட்டு அசைவு. 'கொழி'யின் கிளைகளைத் தனி மடலில் எழுதுகிறேன்.

—

ஐயா, சொல் அழகு. ஆனால் வகுப்பில் தெள்ளுதலை விளக்கிய பிறகுதான் சவ்வுக்கே வர முடியும். எனக்கு உறுத்துவது 'தூய' என்ற அடைமொழி. 1960இல் நெவில் என்ற ஆய்வாளர் எலியின் கல்லீரலிலிருந்து சவ்வைப் பிரித்துக் காட்டினார். எம்முறையில் எடுத்தாலும் செல்சவ்வுக்கு அடையாளமான நொதி 5'-நியூக்ளியோடைடேஸ் ஏறியதா, குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் இறங்கியதா என்று அளந்தாக வேண்டும். இரண்டாவது நொதி தங்கியிருந்தால் செல்லின் உள்வலைச் சவ்வும் கலந்திருக்கிறது. முழுத்தூய்மை கிடைப்பதில்லை. 'செறிவூட்டிய' என்பதே உண்மை. யுரேனியச் செய்தி படித்த எவருக்கும் அது புரியும்.

—

இலங்கைப் பாடநூல்களில் 'கலம்', 'மென்சவ்வு' என்றே படித்தோம். 'செல்'லை அப்படியே வைத்துக்கொண்டு வினைக்கு மட்டும் வேர் தேடுவது எனக்கு ஒப்பவில்லை. 'கலமென்சவ்வு' என்று தொடங்குங்கள்.

—

அனைவருக்கும் நன்றி. ஐவரில் மூவர் 'பிரித்தெடுத்தல்' போதும் என்கிறார்கள். அதையே வைக்கிறேன். 'தூய' நீங்குகிறது, 'செறிவூட்டிய' வருகிறது. 'செல்' மாறாது, அச்சான முந்தைய பாகத்தில் அதுதான் இருக்கிறது. 'ஃப்ராக்‌ஷன்' மட்டும் நிற்கிறது. 'சவ்வுக் கூறு' என்றால் சவ்வில் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் எண்ணிக்கொள்வார்கள். 'சவ்வுத் திரட்டு' என்று இப்போதைக்கு எழுதுகிறேன், மனம் நிறையவில்லை.

—

'திரட்டு' என்றால் சேர்ப்பது. நாம் பிரிக்கிறோம். என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். 'கொழி' பற்றிய மடல் நாளை வரும்.