பிகெமோத்தின் வால்: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஓய்வுநாள் பள்ளியில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த பையன் ஒருவன், "டைனோசர் வேதத்தில் இருக்கா அக்கா?" என்று கேட்டான்.

வேதத்தில் யோபு புத்தகத்தின் 40-ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். மாட்டைப்போல் புல் தின்னும், நாணலின் மறைவில் படுத்திருக்கும் பிகெமோத் என்ற பெரிய மிருகம் அதில் வருகிறது. நீர்யானைதான் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் 17-ஆம் வசனத்தில் அதன் வால் கேதுரு என்னும் நெடிய மரத்தைப்போல என்றிருக்கிறதே! நீர்யானைக்கு வால் குட்டைதானே. பையன் அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

பூமிக்கு ஆறாயிரம் வயது என்று நம்புகிறவர்கள் இதை டைனோசர் என்கிறார்கள். அறிவியலோ, பறவையினம் தவிர மற்ற டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தன என்கிறது. எனக்கு அறிவியல் சொல்வதில் சந்தேகமில்லை. யோபு கவிதை நடையில் இருப்பதால் வாலை உவமையாக எடுக்கலாம் என்றும் தோன்றுகிறது. அப்புறம் அடுத்த அதிகாரத்தில் லிவியாதான் என்ற பயங்கர நீர்மிருகத்தின் வாயிலிருந்து தீப்பொறி பறக்கிறதே, அதையும் அப்படித்தான் வாசிக்க வேண்டுமா?

யோபு எழுதப்பட்ட எபிரெய மொழி படித்தவர்கள், போதகர்கள், அறிவியல் ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள். பிள்ளையின் விசுவாசமும் குலையக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது. வருகிற ஞாயிறு அவனுக்குப் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.