நிர்வாணா இன் ஃபயர்: ஜிங் இளவரசரின் சந்தேகம், எபிசோட் எண் வேணும்

2015-ல வந்த இந்த 54 எபிசோட் சீனச் சீரியலைப் பார்க்காதவங்க தாண்டிப் போயிடுங்க, கதை முடிச்சு கீழே இருக்கு.

விஷத்தை முறிச்ச சிகிச்சையில முகமே மாறிப்போன மெய் சாங்சுதான் தன் பழைய நண்பன் லின் ஷூன்னு ஜிங் இளவரசருக்குச் சந்தேகம் வளர்ற காட்சிகளை வரிசைப்படுத்துறோம். யோசிக்கும்போது துணி ஓரத்தை விரலால தேய்க்கிற லின் ஷூவோட பழக்கம் பல தடவை வரும். இளவரசர் அதைக் கவனிக்கிற இடம் மட்டும் போதும். இளவரசரோட அம்மா மெய் சாங்சு எழுதின ஓரக்குறிப்பைப் படிச்சே ஆளைக் கண்டுக்கிற பயணநூல் எந்த எபிசோட்? லின் ஷூவுக்கு ஒத்துக்காத ஹேசல்நட் பலகாரத்தை அவங்க மகனுக்கும் மெய் சாங்சுவுக்கும் அனுப்புற ரெண்டு பலகாரப் பெட்டியிலயும் வைக்காம விடுறது எந்த எபிசோட்?

எதிரியை வீழ்த்துறதைவிட நண்பன்கிட்ட மறைக்கிறதுதான் இங்கே பெரிய வலி, அதனால வரிசை பிசகக்கூடாது. எபிசோட் எண்ணோட நிமிஷமும் போட்டா ரொம்ப உதவியா இருக்கும்.