குப்பை வண்டியில் பெயர் மாறிவிட்டது. உங்கள் தெருவில் என்ன மாறியது?

துரைப்பாக்கம் வாசி:

எங்கள் அடுக்ககத்தில் குப்பை எடுப்பது மாநகராட்சி வண்டி இல்லை. 2016 திடக்கழிவு விதிகளின்படி ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் வளாகங்கள் எல்லாம் பெருங்கழிவுக் கணக்கில், அதாவது குப்பைக்குத் தாங்களே வழி பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில், வந்தன. அப்படிப்பட்ட வளாகங்களை நம்பி ஓ.எம்.ஆர். பக்கம் சின்னச் சின்ன கம்பெனிகள் முளைத்தன. எங்களுக்கு வருவதும் அதில் ஒன்று: ஒரு கொட்டகை, சில குட்டி யானை வண்டிகள், பெரும்பாலும் பெண் பணியாளர்கள். 'வேஸ்ட்' என்று முடியும் பழைய பெயரை எடுத்துவிட்டு, இலை போட்ட லோகோவும் பச்சை டி-ஷர்ட்டுமாக இப்போது வருகிறார்கள்.

அறிவிப்பு வந்த அன்றே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ரகளை. "ரேட்டை ஏத்தப் போறாங்க, அதுக்குத்தான் இந்த மேக்கப்" என்று எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இதுவரை ஏற்றவில்லை. டிரைவர் அண்ணனிடம் விசாரித்தேன். "பேரு மட்டும்தான் சார் புதுசு. கிளட்ச் அதேதான், மிதிச்சுப் பாருங்க" என்றார்.

எனக்கு இருந்த கவலை வேறு. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாதா மாதம் போய் மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். கழுவிக் காயவைத்த பால் கவரைக் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு நோட்டு கொடுப்பார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டில் பொறுக்க எங்களையும் இழுத்துப் போவார்கள். இதெல்லாம் பழைய பெயரோடு போய்விடுமோ என்று நினைத்தேன். போகவில்லை. உங்கள் பக்கம் எப்படி?

கோடம்பாக்கம் பழசு:

பெயர் மாற்றம் பற்றி எங்கள் ஏரியாவைக் கேளுங்கள். 2000-ல் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுத்தபோது வந்தது ஓனிக்ஸ் கம்பெனி. அதன் பிரெஞ்சுத் தாய் நிறுவனம் 2003-ல் வியோலியா என்று பெயரை மாற்றிக்கொண்டது. எங்கள் தெருவில் அது ஒருவருக்கும் தெரியாது. 2007-ல் நீல் மெட்டல் பனால்கா, அப்புறம் ராம்கி, 2020-ல் அர்பேசர் சுமீத். இத்தனை பேர் வந்துபோன பிறகும் என் அம்மா காலையில் விசில் கேட்டால் "ஓனிக்ஸ் வந்தாச்சு, வாளியை எடு" என்றுதான் குரல் கொடுப்பார். ஒருமுறை ஒரு தம்பி சட்டையில் இருந்த பெயரைக் காட்டி, "பாட்டி, நாங்க அவங்க இல்ல" என்று பொறுமையாக விளக்கினான். அம்மாவும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, ஓனிக்ஸ்ல இப்ப சம்பளம் ஒழுங்கா வருதா?" என்றார்.

ஓய்வுபெற்ற சூப்பர்வைசர்:

மேலே இருவரும் சொல்வது ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. துரைப்பாக்கம் சார் சொல்வது பெயர் மாற்றம். கோடம்பாக்கம் நண்பர் சொல்வது டெண்டர் கைமாறுவது. இந்தத் தொழிலிலேயே இருந்தவன் என்பதால் சொல்கிறேன், கம்பெனி எது என்று கேட்காதீர்கள்.

கம்பெனி தன் பெயரை மட்டும் மாற்றினால் முதலாளி அதே முதலாளிதான். ஆளின் சர்வீஸ் அறுபடாது, பி.எஃப். பணம் அப்படியே ஓடும். டெண்டர் வேறு கம்பெனிக்குப் போனால் கதை வேறு. அதே அக்கா அதே தெருமுனையில் அதே துடைப்பத்தோடு நிற்பார். காகிதத்தில் மட்டும் அவர் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவர். 1972-ம் வருட கிராஜுவிட்டி (பணிக்கொடை) சட்டம் ஒரே இடத்தில் தொடர்ந்து ஐந்து வருட சர்வீஸ் கேட்டது. ஒப்பந்தம் கைமாறும் ஊரில் அந்த ஐந்து வருடத்தை எங்கே போய்ப் பிடிப்பது?

என்னிடம் வேலை பார்த்த ஒரு அம்மா, துணிக்கடைக் கவரில் தன் பழைய அடையாள அட்டைகளை எல்லாம் சேர்த்து வைத்திருந்தார். மேஜையில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு கம்பெனி, போட்டோவில் மட்டும் முடி நரைத்துக்கொண்டே வருகிறது. "இதுல எதுல சார் என் சர்வீஸ் இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்களே, தனியாரிடம் கொடுக்காதே என்று. அந்தச் செய்தியைப் படித்தபோது இந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

அதனால் லோகோ மாறினால் நான் பயப்படமாட்டேன். அட்டையில் சேர்ந்த தேதி மாறுகிறதா என்றுதான் பார்ப்பேன். துரைப்பாக்கம் சார், முடிந்தால் உங்கள் அக்காக்களிடம் அதைக் கேளுங்கள்.

வேளச்சேரி மாடிவீடு:

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தண்ணீர் வடிந்ததும் தெரு முழுக்க ஊறிப்போன மெத்தைகள். தண்ணீர் குடித்த மெத்தையை நான்கு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது, தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வந்த வண்டியில் பழைய கம்பெனி ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்கியது. அதில் வந்த பெண்களில் இரண்டு பேர் பெரும்பாக்கம் குடியிருப்பு. அவர்கள் பக்கமும் தண்ணீர்தான். தங்கள் வீட்டைக் கழுவாமல் எங்கள் வீட்டுக் குப்பையை அள்ள வந்திருந்தார்கள். எங்கள் தெருவில் சிலர் பால்கனியில் நின்று வீடியோ எடுத்தார்கள். அதைப் பற்றி வேறு என்ன எழுத.

வியாசர்பாடி:

எல்லாம் சரி. பள்ளிக்கூடம், டி-ஷர்ட், ஞாயிற்றுக்கிழமை பாட்டில். போட்டோவுக்கு நன்றாகத்தான் இருக்கும். நாங்கள் கொடுங்கையூர் கிடங்குக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், காற்று திசை மாறினால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சாப்பிடுவோம். உங்கள் பச்சை இலைக் கம்பெனி உங்கள் வீட்டிலிருந்து எடுத்ததைக் கடைசியில் எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது? கேட்டீர்களா?

துரைப்பாக்கம் வாசி:

நியாயமான கேள்வி. படித்ததும் கொட்டகைக்கே போனேன். ஈரக் குப்பை அங்கேயே உரமாகிறது. வாசனை இல்லை என்று சொன்னால் பொய். அட்டை, பால் கவர், பெட் பாட்டில் ரகம் ரகமாகக் கட்டி வியாபாரிகளுக்குப் போகிறது. சிப்ஸ் பாக்கெட் மாதிரி யாரும் வாங்காத பிளாஸ்டிக்கை சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். டயப்பர், நாப்கின் மட்டும் மாநகராட்சியிடம் போகிறது. அதற்கப்புறம் எங்கே என்று மேனேஜரைக் கேட்டேன், பேச்சு சட்டென்று புது லோகோவுக்குத் தாவிவிட்டது. எடைச்சீட்டை மாதா மாதம் குடியிருப்போர் சங்கத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சூப்பர்வைசர் சார், அட்டையையும் பார்த்தேன். பெயர் புதிது, சேர்ந்த தேதி பழையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்திலிருந்து சிலர் மறுபடி கொட்டகைக்குப் போகிறோம். வியாசர்பாடி நண்பர் வருவதென்றால் சொல்லுங்கள், மத்திய கைலாஷ் பக்கத்தில் காரில் ஏற்றிக்கொள்கிறேன். அந்த டயப்பர் கேள்வியை நீங்கள் கேட்டால் மேனேஜர் பேச்சை மாற்றுவது கஷ்டம்.